கண்டறியப்படவில்லை என்பது கதிரூட்டப்படவில்லை என்றாகாது

மிளகு, சுக்கு, ஏலம், உலர்ந்த மூலிகை இலைகள் ஆகியவற்றுக்கு வழங்கப்படும் ஆய்வுச் சான்றிதழ்களில் ‘கதிரூட்டல் கண்டறியப்படவில்லை’ என்றொரு வரி இடம்பெறுவதுண்டு. அதனை ஏற்றுமதியாளர் ‘கதிரூட்டப்படாத சரக்கு’ என்று படிக்கிறார். வெளிநாட்டில் இறக்குமதி செய்பவரும் அவ்வாறே படிக்கிறார். கடைசியில் பொட்டலத்தை வாங்குபவரும் அப்படியே நம்புகிறார். ஆய்வகமோ அவ்வாறு சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு மாதிரியில், குறிப்பிட்ட ஒரு முறையால் தேடியபோது, தடயம் எதுவும் கிட்டவில்லை என்பதே அது சொன்ன செய்தி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறிவியல் நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. மட்டாஞ்சேரிக் கிடங்கிலிருந்து புறப்படும் சரக்கின் விலையும், சிறு வணிகரின் நற்பெயரும், உண்பவரின் அறியும் உரிமையும் அதனைச் சார்ந்தே நிற்கின்றன.

உலர் நறுமணப் பொருட்களில் கதிரூட்டலைக் கண்டறியும் முறைகள் நம்பத்தக்க நிலையை எட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் ‘கதிரூட்டப்பட்டதா?’ என்ற வினாவுக்கே அவை விடை கூறும். ‘எவ்வளவு கதிரூட்டப்பட்டது?’ என்ற வினாவுக்கு அவற்றால் உறுதியான விடை கூற இயலாது. சட்டமோ அளவைக் கொண்டே வரம்பு வகுத்துள்ளது. இந்த இடைவெளியை எந்தக் கருவியும் தனியே நிரப்பிவிடாது. கதிரூட்டும் நிலையத்தில் எடுக்கப்பட்ட அளவீடு மூட்டையோடு சேர்ந்து பயணித்தால் மட்டுமே அது நிரம்பும். அந்த ஏற்பாட்டுக்கு உரிய இடத்தை இந்திய நறுமணப் பொருள் வணிகம் இன்னும் தரவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

மட்டாஞ்சேரியின் பஜார் சாலையும் யூதத் தெருவும் இன்று சுற்றுலாப் பயணிகளின் இடங்களாகப் பெரிதும் மாறிவிட்டன. எனினும் மிளகு வணிகத்தில் கொச்சி விலைக்குள்ள மதிப்பு மறையவில்லை. இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் 1957இல் தொடங்கப்பட்டது இம்மட்டாஞ்சேரியில்தான். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகமும், அதன் தர ஆய்வகமும் கொச்சி நகரிலேயே உள்ளன. இடுக்கி, வயநாட்டு விவசாயிகளுக்கு மட்டுமன்றி, கொல்லிமலை மிளகையும் போடிநாயக்கனூர் ஏலத்தையும் கையாளும் தமிழக வணிகர்களுக்கும் கொச்சி அயலூர் அன்று.

பறித்து உதிர்த்த மிளகு களத்திலும் பாயிலும் சிமெண்டுத் தரையிலும் பல நாள் வெயிலில் காய்கிறது. காயும் காலத்தில் மண் படிகிறது. பறவை எச்சமும் பூச்சியும் சேர்கின்றன. அவற்றோடு நுண்ணுயிரிகளும் குடியேறுகின்றன. அவற்றுள் சால்மொனெல்லா பெரிதும் அஞ்சப்படுவது. சமைக்கப்படும் பண்டத்தில் சேரும் மிளகில் இந்த அச்சம் குறைவு. தட்டில் பரிமாறிய பின் மேலே தூவப்படும் மிளகுப் பொடியில் அது நேராக வயிற்றுக்குள் செல்லும். மேற்கு நாடுகள் மிளகைப் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியில் உண்கின்றன என்பதால்தான் அவற்றின் விதிகள் கடுமையாக உள்ளன.

காய்ந்த மிளகை வணிகர் சலித்துப் புடைத்துத் தரம் பிரிக்கின்றனர். ‘மலபார் கார்பிள்டு’ என்று உலகச் சந்தையில் பெயர் பெற்றது இவ்வாறு சுத்தம் செய்யப்பட்ட மிளகே. கார்பிள்டு என்னும் சொல்லின் வேர், சலிப்பதைக் குறிக்கும் அரபுச் சொல். தூசியும் காம்பும் பொக்கும் நீங்கிய மிளகே நல்ல மிளகு என்பது பல நூற்றாண்டு வணிக அறிவு. ஆனால் சலித்தல் தூசியை நீக்குமே அன்றி நுண்ணுயிரியை நீக்காது. அதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன: நீராவி, எத்திலீன் ஆக்சைடு வாயு, அயனியாக்கும் கதிர்வீச்சு.

நீராவி எவரும் மறுக்காத வழி. முழு மிளகுக்கு அது பொருந்தும். பொடிக்கும் மென்மையான இலைகளுக்கும் அவ்வளவாகப் பொருந்தாது. நிறம் மங்கும், எளிதில் ஆவியாகும் எண்ணெய் குறையும், பொடி கட்டிபிடிக்கும். எத்திலீன் ஆக்சைடு மலிவானது, பொடிக்குள்ளும் ஊடுருவக்கூடியது. ஆனால் மனிதரிடம் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை 1994இல் முதல் வகுப்பில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பொருட்களில் அதன் பயன்பாட்டை ஏற்பதில்லை. அமெரிக்கா வரம்புக்குட்பட்டு அனுமதிக்கிறது. 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் இவ்வாயுவின் எச்சம் இருப்பதாகப் பெல்ஜியம் எச்சரித்ததும், 2024 ஏப்ரலில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இந்திய மசாலாப் பொடிகள் சில திரும்பப் பெறப்பட்டதும் அண்மைக்கால நிகழ்வுகள். வாயுவின் வழி குறுகக் குறுக, கதிரூட்டலின் பக்கம் வணிகம் சாய்வது இயல்பு. ஆகவே கதிரூட்டலைக் கண்டறியும் வினா இனி மேலும் அடிக்கடி எழும்.

கதிரூட்டல் என்பது உணவைக் கோபால்ட்-60இன் காமாக் கதிர், விரைவுபடுத்திய எலக்ட்ரான் கற்றை, எக்ஸ் கதிர் ஆகியவற்றுள் ஒன்றுக்கு உட்படுத்துவது. பெட்டிகள் கதிர்மூலத்தைச் சுற்றிச் செல்கின்றன. கதிரின் ஆற்றல் நுண்ணுயிரியின் மரபணுவைச் சிதைக்கிறது. இவ்வகைக் கதிர்களின் ஆற்றலுக்கு விதிகள் வரம்பு விதித்துள்ளதால் உணவு கதிரியக்கம் பெறுவதில்லை. ஒரு கிலோ பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் உட்கவரப்பட்டால் அது ஒரு கிரே. நறுமணப் பொருட்களுக்குச் சராசரியாக 10 கிலோகிரே, அதாவது கிலோவுக்குப் பத்தாயிரம் ஜூல் தரப்படுகிறது. அவ்வளவு ஆற்றல் நீரைச் சூடாக்கப் பயன்பட்டால் வெப்பநிலை ஏறத்தாழ 2.4 பாகை செல்சியஸ்தான் உயரும். பொருள் சூடாவதில்லை, நனைவதில்லை. வெளியிலிருந்து எதுவும் அதில் சேர்வதில்லை.

கண்டறிதலின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எத்திலீன் ஆக்சைடு செலுத்தினால் 2-குளோரோஎத்தனால் போன்ற எச்சம் தங்கும். கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று அதனை அளந்துவிடலாம். கதிரூட்டலில் அளப்பதற்கென்று ஓர் எச்சமில்லை. மிளகின் வேதிப்பொருட்களில் நிகழும் சிறு மாற்றங்களோ வெயிலிலும் வெப்பத்திலும் நாள்பட வைத்திருத்தலிலும் நிகழக்கூடிய மாற்றங்களை ஒத்தவை. எனவே ஆய்வாளர்கள் மிளகை விட்டுவிட்டு, மிளகின் மேல் ஒட்டியிருக்கும் மண்ணைக் கேட்கத் தொடங்கினர்.

மண்ணிலுள்ள குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் போன்ற சிலிக்கேட் கனிமங்களின் படிக அமைப்பில் சிறு குறைகள் உண்டு. கதிர்வீச்சு தாக்கும்போது விடுபடும் எலக்ட்ரான்களுள் சில அக்குறைகளில் சிக்கிக்கொள்கின்றன. கனிமத்தைச் சூடாக்கினாலோ, தக்க ஒளியால் தூண்டினாலோ அவை விடுபட்டு, தம் ஆற்றலை மெல்லிய ஒளியாக வெளியிடுகின்றன. அகழாய்வில் கிடைக்கும் பானை ஓடுகளின் வயதைக் கணிக்க உதவும் இயற்பியல் இதுவே. மண்ணிலுள்ள இயற்கைக் கதிரியக்கம் ஆண்டுக்குச் சில மில்லிகிரே அளவே தருகிறது. அந்த வேகத்தில் 6 கிலோகிரே சேர்வதற்குப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். கதிரூட்டும் நிலையத்தில் அது சில மணி நேரத்தில் நிகழ்ந்துவிடுகிறது. இரண்டும் விட்டுச்செல்லும் தடயங்கள் வேறுபடுவது இதனால்தான்.

இவ்வியல்பின்மீது இரண்டு ஐரோப்பியத் தர முறைகள் எழுந்துள்ளன. முதலாவது ஈ.என். 13751, ஒளித்தூண்டு ஒளிர்வு முறை. ஸ்காட்லாந்தில் உருவாக்கப்பட்ட கருவியில் ஒரு சிறு தட்டு மிளகுப் பொடியை வைத்து, அகச்சிவப்பு ஒளித்துடிப்புகளால் 60 நொடி தூண்டி, வெளிவரும் ஒளித்துகள்களை எண்ணுகின்றனர். எண்ணிக்கை 700க்குக் கீழாயின் எதிர்மறை. 5000க்கு மேலாயின் நேர்மறை. இடைப்பட்டது ஐயத்துக்குரியது, மேலாய்வு தேவை. சில நிமிடங்களில் முடியும் இம்முறை சல்லடை போன்றது. தீர்ப்பு வழங்குவது அதன் நோக்கமன்று.

இரண்டாவது ஈ.என். 1788, வெப்ப ஒளிர்வு முறை. இதற்கு உழைப்பு மிகுதி. பொடியிலிருந்து கனிமத்தை நீராலும் சல்லடையாலும், பின்னர் சோடியம் பாலிடங்ஸ்டேட் என்னும் அடர்ந்த கரைசலாலும் பிரிக்க வேண்டும். சில மில்லிகிராமோ, அதற்கும் குறைவாகவோ கிடைக்கும் கனிமத்தைச் சிறு உலோக வட்டில் பரப்பிச் சூடாக்கி முதல் ஒளிர்வு வளைவைப் பதிகின்றனர். பின்னர் அதே வட்டுக்குத் தெரிந்த அளவு கதிர், வழக்கமாக 1 கிலோகிரே, கொடுத்து மீண்டும் சூடாக்கி இரண்டாம் வளைவைப் பதிகின்றனர். முதலாவதை இரண்டாவதால் வகுத்த விகிதம் 0.1க்கு மேல் இருந்து, முதல் வளைவின் உச்சம் 150 முதல் 250 பாகைக்குள் அமைந்தால், அது கதிரூட்டப்பட்ட பொருள். இயற்கைக் கதிரியக்கத்தின் தடயம் 300 பாகைக்கு மேல்தான் தெரியும். தன்னையே தனக்கு ஒப்பீடாகக் கொள்ளும் இம்முறை வழக்காடுமன்றத்திலும் நிற்கத்தக்கது.

மண்ணைச் சாராத வழிகளும் உள்ளன. செல்லுலோசில் தோன்றும் தனி எலக்ட்ரான்களை எலக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வால் காணும் ஈ.என். 1787 அவற்றுள் ஒன்று. ஈரம் ஏறினால் இத்தடயம் தேய்ந்துவிடும். பருவமழைக் காலக் கொச்சியில் அது எத்தனை மாதம் தாங்கும் என்பது தனி வினா. இறந்த நுண்ணுயிரிகளையும் சேர்த்து நுண்ணோக்கியில் எண்ணி, உயிருள்ளவற்றின் எண்ணிக்கையோடு ஒப்பிடும் ஈ.என். 13783 மற்றொன்று. இரண்டுக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தால் பொருள் ஏதோ ஒரு வகையில் நுண்ணுயிர் நீக்கம் பெற்றுள்ளது என்று தெரியும். ஆனால் நீராவியும் வாயுவும் அதே வேறுபாட்டைத் தரும்.

இம்முறைகளின் ஆற்றலை எவரும் ஐயுற வேண்டியதில்லை. அவற்றின் எல்லைகளை மறப்பதே தவறு. மட்டாஞ்சேரி வணிகத்தின் கண்கொண்டு பார்த்தால் நான்கு எல்லைகள் புலப்படும்.

முதலாவது, தூய்மை. சாட்சி சொல்வது தூசி. தரமான மிளகின் இலக்கணமோ தூசியின்மை. நன்கு சலித்து, கழுவி, தோல் நீக்கிய வெள்ளை மிளகில் சாட்சி மிகக் குறைவு. அத்தகைய சரக்கு முழு அளவில் கதிரூட்டப்பட்டிருந்தாலும் ஒளித்தூண்டு முறையில் 700ஐத் தாண்டாமல் போகலாம். தர முறையே இதனை அறிந்து, எதிர்மறை முடிவு வந்த மாதிரியைத் தெரிந்த அளவு கதிரூட்டி மீண்டும் எண்ணிப் பார்க்கும் வழியைத் தந்துள்ளது. அதன் பிறகும் ஒளிர்வு உயராவிட்டால், அந்தப் பொருளுக்கு அந்தச் சோதனை பயன்படாது என்பது தெளிவு. இந்த இரண்டாம் அடியை எடுத்துவைக்காமல் வழங்கப்படும் ‘கண்டறியப்படவில்லை’ என்னும் சான்று, சாட்சியே இல்லாத வழக்கில் வழங்கிய விடுதலைக்கு ஒப்பானது.

இரண்டாவது, கலப்பு. வணிகத்தில் சரக்கு ஓரிடத்துச் சரக்காக நில்லாது. பல தோட்டத்து மிளகு ஒன்றாகிறது. இலங்கை, வியட்நாம் மிளகும் கொச்சிக்கு வருகிறது. மசாலாப் பொடியிலோ பத்துப் பன்னிரண்டு பொருட்கள் கூடுகின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் கதிரூட்டப்பட்டிருந்தாலும், அதன் கனிமம் தரும் ஒளி ஏனையவற்றின் மங்கலை விஞ்சி முழுக் கலவையையும் நேர்மறையாகக் காட்டலாம். சட்டமும் இங்கே கண்டிப்பானது: கூட்டுப் பொருளில் சிறிதளவே சேர்ந்திருந்தாலும், கதிரூட்டிய பொருளைப் பட்டியலில் தெரிவிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. தான் வாங்கிய பூண்டுப் பொடிக்கு முன்னர் என்ன நேர்ந்தது என்பதை அறியாத சிறு கலவையாளர், தான் செய்யாத செயலுக்குப் பொறுப்பேற்க நேர்கிறது.

மூன்றாவது, ஒளி. சிக்கிய எலக்ட்ரான்களை வெயிலும் விடுவிக்கும். கதிரூட்டிய பின் வெயிலில் பரப்பிய சரக்கிலும், மாதிரி எடுக்கும்போது மேசைமேல் திறந்து வைத்த பொடியிலும் ஒளித்தூண்டு ஒளிர்வு குறைந்துவிடும். ஆகவே மாதிரி எடுக்கும் கை, அதனை இருட்டில் வைக்கும் உறை, கொண்டுசெல்லும் முறை ஆகியன கருவிக்கு இணையான முக்கியத்துவம் உடையவை. ‘மாதிரி வாடிக்கையாளரால் அனுப்பப்பட்டது’ என்னும் சிற்றெழுத்துக் குறிப்பு சான்றிதழின் அடியில் இருந்தால், அந்தச் சான்றின் எடை குறைந்துவிடுகிறது.

நான்காவது எல்லையே ஆழமானது: அளவு. கதிரூட்டப்பட்டது என்று தெரிந்த பின், எத்தனை கிலோகிரே என்று கேட்டால் வெப்ப ஒளிர்வு வளைவு தயங்குகிறது. கனிமத்திலுள்ள குறைகள் எண்ணற்றவை அல்ல. கிலோகிரே நிலையில் அவற்றுள் பல நிரம்பிவிடுகின்றன. நிரம்பிய குடத்தைப் பார்த்து எத்தனை குடம் நீர் ஊற்றப்பட்டது என்று சொல்ல முடியாது. அதற்கு மேல், ஒவ்வொரு மாதிரியிலும் கனிமக் கலவை வேறு, தேய்ந்த காலம் வேறு, பட்ட ஒளி வேறு. ஆகவே அந்த 0.1 என்னும் விகிதம் ஒரு வாசல். அதனை அளவுகோலாகப் படிப்பது பிழை.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு ஆணைகள், உலர்ந்த நறுமண மூலிகைகளையும் மசாலாப் பொருட்களையும் ஒன்றியம் முழுமைக்கும் ஏற்கப்பட்ட ஒரே வகையாகப் பட்டியலிட்டு, சராசரி உட்கவர் அளவு 10 கிலோகிரேயைத் தாண்டலாகாது என்றன. இந்தியா 1994இல் வெங்காயம், உருளைக்கிழங்கோடு நறுமணப் பொருட்களுக்கும் கதிரூட்டலை அனுமதித்தபோது, குறைந்தபட்சம் 6, அதிகபட்சம் 14 கிலோகிரே என்று வகுத்தது. அமெரிக்கா 1986இலேயே 30 கிலோகிரே வரை அனுமதித்துவிட்டது. கோடெக்ஸ் பொது நியமம் 2003இல் திருத்தப்பட்டு, தக்க தொழில்நுட்பத் தேவை இருந்தாலன்றி 10 கிலோகிரேயைத் தாண்டலாகாது என்கிறது.

ஐரோப்பாவின் 10க்கும் இந்தியாவின் 14க்கும் முரண் உண்டு என்று சிலர் கருதுவர். உண்மையில் இல்லை. பெட்டியின் ஓரத்திலுள்ள மிளகு மிகுதியான கதிரைப் பெறும். நடுவிலுள்ளது குறைவாகப் பெறும். ஓரத்துக்கு 14, நடுவுக்கு 6 என்றால் சராசரி 10. அதிகபட்சம் குறைந்தபட்சத்தின் மூன்று மடங்கைத் தாண்டலாகாது என்று ஐரோப்பிய விதியே ஓர் ஏற்றத்தாழ்வை ஏற்றுக்கொள்கிறது. இதன் விளைவு கவனிக்கத்தக்கது. ஒரு கரண்டி மிளகில் கதிரளவைத் துல்லியமாக அளக்கும் கருவி நாளையே கண்டுபிடிக்கப்பட்டு, அது 13 கிலோகிரே என்று காட்டினாலும், சட்டம் மீறப்பட்டது என்று அதனால் மெய்ப்பிக்க முடியாது. அந்தக் கரண்டி பெட்டியின் ஓரத்திலிருந்து வந்திருக்கலாம். சராசரி என்பது கரண்டியின் பண்பன்று, பெட்டியின் பண்பு. பெட்டி எங்கே அளக்கப்பட்டதோ அங்கேதான் சராசரி தெரியும்.

அளவீடு நிகழும் இடம் கதிரூட்டும் நிலையமே. அங்கே அலனின், சீரிக்-சீரஸ் கரைசல், நிறம் மாறும் பெர்ஸ்பெக்ஸ் போன்ற கதிரளவிகள் பெட்டியின் பல இடங்களில் வைக்கப்பட்டு, எங்கே மிகுதி, எங்கே குறைவு என்று வரைபடம் எடுக்கப்படுகிறது. நவி மும்பையின் வாஷியில் கதிர்வீச்சு, ஓரிடத்தான் தொழில்நுட்ப வாரியம் 2000ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் நிலையம் நறுமணப் பொருட்களுக்காகவே தொடங்கப்பட்டது. பின்னர் தனியார் நிலையங்களும் வந்தன. அணுசக்தித் துறையின் 2012ஆம் ஆண்டு விதிகள் இவற்றுக்கு உரிமம், பதிவேடு, கதிரளவீடு ஆகியவற்றைக் கட்டாயமாக்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கதிரூட்டிய உணவை அனுப்ப வேண்டுமாயின், ஒன்றியம் ஏற்பளித்த பட்டியலிலுள்ள நிலையத்தில் அது கதிரூட்டப்பட்டிருக்க வேண்டும். 2010இல் இந்திய நிலையங்கள் சில அப்பட்டியலில் இடம்பெற்றன.

ஆகத் தொடக்கத்தில் அளவீடு உண்டு, முடிவில் கண்டறிதல் உண்டு. இடையில் என்ன உண்டு? மூட்டை பிரிக்கப்படுகிறது, வேறு சாக்குக்கு மாறுகிறது, மற்றொரு சரக்கோடு கலக்கிறது, அரைக்கப்படுகிறது, மறுபடி விற்கப்படுகிறது. நிலையத்தின் பதிவேடு நிலையத்திலேயே தங்கிவிட்டால், ஹாம்பர்க்கிலோ ராட்டர்டாமிலோ ஓர் ஆய்வாளர் அந்தப் பொடியில் ஒளியைக் காணும்போது, அது முறையான உரிமத்தின் கீழ் 8 கிலோகிரே பெற்ற நேர்மையான சரக்கா, தரம் கெட்டதை மறைக்க மீண்டும் மீண்டும் கதிரூட்டிய சரக்கா என்று பிரித்தறிய வழியே இல்லை. இரண்டும் ஒரே நேர்மறை. நேர்மையானவர் தம் நேர்மையை மெய்ப்பிக்க இயலாத ஏற்பாடு, நேர்மையற்றவருக்கே உதவும்.

இவ்விடத்தில் இரண்டு எதிர்வாதங்கள் எழும். முதலாவது: 10 கிலோகிரே வரை கதிரூட்டிய உணவால் நச்சுத் தீங்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் கூட்டு வல்லுநர் குழு 1980இல் முடிவு செய்துவிட்டது, பின் கண்டறிதல் எதற்கு என்பது. தீங்கின்மை வேறு, தெரிவித்தல் வேறு. ஓர் உணவு தீங்கற்றது என்பதால் அதற்கு நேர்ந்ததை மறைக்கும் உரிமை எவருக்கும் வந்துவிடாது. மேலும், கதிரூட்டல் நல்ல சுகாதார நடைமுறைக்கு மாற்றாகலாகாது என்று கோடெக்ஸ் நியமமே வலியுறுத்துகிறது. களத்தில் தூய்மை பேணாமல் கடைசியில் கதிரால் கழுவிக்கொள்ளலாம் என்னும் எண்ணத்துக்கு வெளிப்படையான அறிவிப்பே தடை.

இரண்டாவது: இவையெல்லாம் வளர்ந்த நாடுகள் எழுப்பும் வணிகச் சுவர்கள் என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஐரோப்பாவில் கதிரூட்டலைப் பற்றிய பொதுமக்கள் அச்சம் அறிவியலைவிடப் பெரியது. ஆனால் சுவரைப் பற்றிய முறையீடு அதைக் கடக்கும் ஏணியாகாது. 2003இல் மிளகாய்ப் பொடியில் சூடான் சாயம் வெளிநாட்டில் பிடிபட்ட பின்னரே ஏற்றுமதி மிளகாய்க்குக் கட்டாயச் சோதனை இங்கே வந்தது. எத்திலீன் ஆக்சைடுக்கும் வெளிநாட்டு எச்சரிக்கைகளுக்குப் பின்னரே கட்டாயச் சோதனை வந்தது. எச்சரிக்கை அங்கே, விதி பின்னர் இங்கே என்னும் இவ்வரிசை இருபது ஆண்டுகளாக மாறவில்லை. கதிரூட்டலிலாவது வரிசையை மாற்றும் வாய்ப்பு இன்னும் கைவிட்டுப் போகவில்லை.

அதற்குச் செய்ய வேண்டியவை பெருஞ்செலவு கோருபவை அல்ல. கதிரூட்டிய ஒவ்வொரு சரக்குக்கும் நிலையத்தின் பெயர், உரிம எண், நாள், குறைந்தபட்ச, அதிகபட்சக் கதிரளவு ஆகியன அடங்கிய ஒரு தாள், மூட்டை பிரியும் ஒவ்வொரு முறையும் படியெடுக்கப்பட்டு உடன்செல்ல வேண்டும். கலவை செய்பவர் ஒவ்வொரு பொருளுக்கும் அத்தாளையோ, கதிரூட்டப்படவில்லை என்னும் விற்பவரின் எழுத்துறுதியையோ கேட்டுப் பெற வேண்டும். ஆய்வகங்கள் ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதும்போது, எந்த முறை, எவ்வளவு கனிமம் கிடைத்தது, மறுகதிரூட்டலுக்குப் பின் மாதிரி ஒளிர்ந்ததா என்னும் மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். கனிமம் போதாதபோது ‘இம்முறையால் முடிவு கூற இயலாது’ என்று எழுதும் துணிவும் வேண்டும்.

உள்நாட்டுச் சந்தையையும் மறத்தலாகாது. பச்சை நிற ‘ரடூரா’ சின்னமும், கதிர்வீச்சால் பதப்படுத்தப்பட்டது என்னும் வாசகமும் இந்தியச் சட்டத்தில் கட்டாயம். கொச்சியிலோ மதுரையிலோ மளிகைக் கடைக்குச் செல்பவர் எத்தனை பேர் அச்சின்னத்தைக் கண்டிருப்பர்? ஐரோப்பிய நுகர்வோருக்காகச் செய்யப்படும் சோதனை, அதே மிளகை உண்ணும் உள்ளூர் நுகர்வோருக்கும் உரியது. கடைகளில் மாதிரி எடுத்து, முடிவுகளை வெளியிடுவது ஐரோப்பிய ஒன்றியம் கண்ட நடைமுறை. அதனை இங்கே தொடங்கத் தடையாக எந்த அறிவியலும் இல்லை.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. ஒளித்தூண்டு கருவி அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. அதற்கு ஃபெல்ஸ்பார் நன்கு ஒளிரும். குவார்ட்ஸ் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய ஒளிராது. கேரளத்தின் இடைநிலப் பகுதிகளில் பரவலாக உள்ளது செம்புறை மண். கடும் மழையால் ஃபெல்ஸ்பார் சிதைந்து நீங்கி, இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய மண் அது. அத்தகைய மண்ணின் தூசி படிந்த மிளகுக்கு 700, 5000 என்னும் வாசல்கள் அப்படியே பொருந்துமா? இடுக்கி மிளகும் கொல்லிமலை மிளகும் ஒரே அளவு கதிருக்கு ஒரே அளவு ஒளிருமா? பருவமழை ஈரத்தில் செல்லுலோசின் தடயம் எத்தனை வாரம் நிற்கும்? சலிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே சரக்கில் கனிமம் எவ்வளவு குறைகிறது? இவை முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் தொடங்கக்கூடிய ஆய்வுகள். வேண்டியவை ஒரு வெப்ப ஒளிர்வுமானி, கதிரூட்டும் வசதிக்கான அணுகல், இடம் குறித்த மாதிரிகள். டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இத்துறை அறிவு நெடுங்காலமாக உண்டு. மாதிரிகளோ மட்டாஞ்சேரியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. இரண்டையும் இணைக்கும் பணி, ஏற்றுமதி திரும்பிவரும் நாளுக்காகக் காத்திராமல் இப்போதே தொடங்கப்பட வேண்டும்.